வலப்பக்கம்

விடியற்காலை வலப்பக்கம் புரண்டேன்.
வீடும் கூடவே புரண்டது.
ட்யூப்லைட் ஓடியது, அதன் பின்னால் பீரோ,
பீரோவின் பின்னால் அந்தோணியார் காலண்டர்.
பாயை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
பாய் எதைப் பிடித்துக்கொள்ளும்?
இருபது எண்ணுவதற்குள் எல்லாம் அததன் இடத்தில்.
பிலோமி தூங்கிக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான்
ரொம்ப பயமாக இருந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான்.
காலுக்குக் கீழே கண்ணாடி,
கண்ணாடிக்குக் கீழே கப்பல்.
பதினாறு வருஷம் குனிந்து பார்த்தே சம்பாதித்தவன்
இப்போது
தலையணை உயரத்திலிருந்து விழுகிறேன்.

பேட்டை முழுக்க டாக்டர்கள்.
மெடிக்கல் கடையில், "பித்தம்பா,"
பெயர் கிழிந்த அட்டையில் நாலு மாத்திரை.
மச்சான் தேசிங்கு, "பிரஷர் எறங்கிக்கீது,
மோர்ல உப்பு போட்டுக் குடி."
கேரம் கிளப் எட்டியப்பன்
ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு என் இமையை இழுத்துப் பார்த்தார்:
"அப்போ ரிங்குல வாங்குன குத்துடா,
இப்பதான் வந்து சேருது."
கழுத்தெலும்பு என்றார் ஒருத்தர்.
மணலிப் பக்கத்துக் காத்து என்றது பஸ் ஸ்டாப்.
"குடிச்சியா?" என்றாள் பிலோமி.
அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது.
ராத்திரி நானாகவே
மூளைக்குள் ஒரு கட்டியை வைத்துப் பார்த்தேன்.
மகளின் பீஸ் கட்டும் தேதியை எண்ணினேன்.

ஷிப்டில் தலையைத் திருப்பாமல்
உடம்போடு திரும்பினேன்.
"கழுத்து சுளுக்கா?" என்றார் சூப்பர்வைசர்.
ஆமாம் என்றேன்.
மெடிக்கல் அன்ஃபிட் என்கிற சொல்
படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருந்தது.
ஒருநாள் பாதிப் படியில் அண்ணாந்து பார்த்தபோது
வானம் வழுக்கியது.
கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன்,
இறங்கி நேரே ஸ்டான்லி.

"என்ன வேலை?"
"கிளார்க்."
எழுதிக்கொண்டார் அந்தச் சின்னப்பெண் டாக்டர்.
"சுத்துதா, கண்ணு இருட்டுதா, தள்ளாடுதா?"
மூன்றும் வேறு வேறு என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
எவ்வளவு நேரம்? எந்தப் பக்கம் படுத்தால்?
காதில் இரைச்சல்? இல்லை.
வாய் குழறுச்சா? கை மரத்துச்சா? இல்லை. இல்லை.
ஒவ்வொரு இல்லைக்கும்
நான் வைத்த கட்டி கொஞ்சம் இளைத்தது.

பிறகு தலையை வலப்பக்கம் திருப்பி
சட்டென்று சாய்த்தார்.
தலை மேஜைக்கு வெளியே தொங்கியது.
"கண்ணை மூடாதீங்க. என் மூக்கைப் பாருங்க."
ஒன்று, இரண்டு, மூன்று,
மூக்கு ஓடத் தொடங்கியது.
"தெரியுது," என்றார்.
"கண்ணு துள்ளுது பாருங்க."
ஐந்து மாணவ முகங்கள் குனிந்தன.
இரண்டு மாதமாக நான் ஒருவனே பார்த்த சுழற்சியை
ஆறு பேர் பார்த்தார்கள்.
அழுகை வந்தது. அதை அவர்கள்
பரிசோதனையின் பகுதி என்று நினைத்திருக்கலாம்.

"காதுக்குள்ள சுண்ணாம்புத் துகள் மாதிரி.
எடம் மாறி, தப்பான வளைவுக்குள்ள போயிருக்கு."
தப்பான யார்டில் இறங்கிய கண்டெய்னர்,
எனக்குப் புரிந்தது.
தலையை இடப்பக்கம், அப்புறம் உடம்போடு,
ஒவ்வொன்றிலும் நிறுத்தி, காத்திருந்து,
மெல்ல உட்காரவைத்தார்.
காற்றடிக்கும் நாளில்
நானும் அப்படித்தான் இறக்குவேன்.
"இதுதான்னு நெனைக்கிறேன். காது டெஸ்ட்டும் எடுத்துடுங்க.
ரெண்டு வாரத்துல வாங்க.
உயரத்துல ஏறுற வேலை இல்லையே?"
"இல்ல."

வெளியே டீ.
வலப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தேன்.
ஓல்டு ஜெயில் ரோடு
நின்ற இடத்திலேயே நின்றது,
ஆட்டோக்கள் மட்டும் ஓடின.
இன்னொரு தடவை திருப்பினேன்.
அப்போதும் நின்றது.

பாதி டீயை வைத்துவிட்டு உள்ளே போனேன்.
வரிசையில் எண்பத்தொன்றாவது ஆள்.
சீட்டில்
ஒரு சொல்லை மாற்ற வேண்டும்.